மீன் பொரித்த எண்ணெய்

மீன் பொரிக்கும் வாசனை பிடிக்காத ஒருவரை இந்த ஐம்பத்து மூன்று வயதில் நான் பார்த்ததில்லை. மீன் தொடாதவர்கள்கூட ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே எங்கள் லாரி ஷெட் வண்டிகளில் அந்த வாசனை வந்ததை மட்டும் ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், ஐயா.

நடந்ததை நடந்தபடி எழுது, சுற்றி வளைக்காதே என்று சொல்லிப் பேனாவும் தாளும் கொடுத்தீர்கள். பேனா நன்றாக எழுதுகிறது. முதலாளியின் அறையில், அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்த ஷெட்டில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தும் இதில் உட்கார்ந்ததில்லை. முதுகுக்கு நல்ல சாய்மானம்.

முதுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இந்தக் கதையில் வருகிறது. பதினைந்து வயதில் இங்கே மூட்டை தூக்க வந்தேன். லாரியின் பின்கதவு என் மார்பு உயரம் இருந்தது. அது என் இடுப்பு உயரம் ஆகும்வரை தூக்கினேன், ஆன பிறகும் தூக்கினேன். நாற்பத்தாறாம் வயதில் ஒரு நாள் மூட்டையோடு குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி நடந்துதான் மருத்துவமனைக்குப் போனேன். வழியில் இரண்டு பேர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே தேடிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் முதலாளி எனக்குப் பின்பக்கத் தகரக் கொட்டகையைக் கொடுத்தார். அங்கே நான் பயோடீசல் காய்ச்சுகிறேன். ஷெட்டின் பத்தொன்பது லாரிகளும் நான்கு கார்களும் அதில்தான் ஓடுகின்றன. பொரிக்கும் கடைகளில் காய்ந்து காய்ந்து கறுத்துப்போன எண்ணெயை வாங்கி வருவேன். துணுக்குகளை வடிகட்டிச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் அளந்து கலக்குவேன். ஒரு நாள் அசையாமல் விட்டால் கிளிசரின் பாகுபோல அடியில் தங்கிவிடும். அதை அடிக்குழாயில் இறக்கிவிட்டால் மேலே நிற்பதுதான் வண்டிக்கு ஊற்றுவது. அதற்கு முன் அதைக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் உண்மையிலேயே கழுவுவதுதான். எண்ணெயின் மேல் தண்ணீரைத் தூவினால், தண்ணீர் உள்ளே இருக்கும் சோப்பையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும், அதை வடித்துவிட வேண்டும். மூன்று தண்ணீர் கழுவச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய்க்கு என் கொட்டகையிலிருந்து எழுபது எட்டு எடுத்து வைக்க வேண்டும். நான் ஒரு தண்ணீர் கழுவினேன். சில வாரம் அதுவும் இல்லை. மூன்று தண்ணீர் என்பது முதுகு உள்ளவர்கள் எழுதி வைத்த கணக்கு.

இந்த எண்ணெயில் ஓடும் வண்டியின் புகை, எந்தக் கடையில் பொரித்ததோ அந்தக் கடையாகவே மணக்கும். இது சாதாரணமாக எல்லோரும் பேசிச் சிரிக்கிற விஷயம். எங்கள் ஓட்டுநர்களில் ஒருவனை ‘ஹாரன்’ என்போம், அவ்வளவு சத்தமாகப் பேசுவான். அவன் ஒரு நாள் லாரியை நிறுத்திவிட்டு வந்து, “அண்ணே, உருளைக்கிழங்கு எண்ணெய ஊத்தாதீங்கண்ணே. பின்னாடி வர்றவன் எவனும் ஓவர்டேக் எடுக்க மாட்டேங்கிறான். மோந்துக்கிட்டே வர்றான்,” என்றான்.

“ஒனக்கென்னடா நஷ்டம்?”

“எனக்குப் பசிக்குதுண்ணே! போன வாரம் ரெண்டு சுத்து பெருத்துட்டேன். பொண்டாட்டி பெல்ட்டுல புது ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கா.”

அவர்கள் எல்லோரும் என்னைச் ‘சட்டி’ என்று கூப்பிடுவார்கள். எண்ணெய்ச் சட்டி. நான் கோபித்துக்கொண்டதில்லை. எனக்கு யார் மேலும் கோபம் வராது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

மற்றவர்கள் எல்லாக் கடை எண்ணெயையும் ஒன்றாகக் கொட்டிக் காய்ச்சுவார்கள். நான் கடைவாரியாகத் தனித்தனி டிரம்மில் வைப்பேன், டிரம்மின் மேல் சாக்கட்டியால் எழுதுவேன். உருளைக்கிழங்கு, கோழி, மீன். மீன் எண்ணெயை வெளியூர் போகும் வண்டிக்கு ஊற்றுவதில்லை. அந்தப் புகை துணியில் ஒட்டினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. அதை என்னுடைய சின்ன வேனுக்கு மட்டும் ஊற்றுவேன், எண்ணெய் எடுக்கப் போகும் வேன். செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து ஊரில் மீன்கடை அக்காவிடம் போவேன். நான் வேனை ஓட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் தெருநாய்கள் எழுந்து வரும். அவை ஒன்பது. புகைக்குழாயைச் சுற்றி நின்று வாலை ஆட்டும். பாவம், அவற்றுக்கு என்ன தெரியும், உள்ளே மீன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டன.

இப்போது என் மச்சினனுக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பி. திருமணம் ஆகாதவன், எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். பெயின்ட் அடிக்கும் பட்டறையில் ஏழு வருடம் வேலை பார்த்தான். முகமூடி கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. அதில் மூக்கு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியாது. பால் பொங்கித் தீய்ந்தால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். அந்த வேலை வேண்டாம் என்று நான்தான் முதலாளியிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டேன். நான்கு வருடத்தில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டான். காக்கிப் பேன்ட், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அதற்காக நான் பொறாமைப்பட்டேன் என்று ஹாரன் உங்களிடம் சொல்லியிருந்தால், அவன் சத்தமாகப் பேசுகிறவன், எல்லாம் சத்தமாகவே தெரியும் அவனுக்கு.

எந்த வண்டி எங்கே நின்றது என்று மச்சினன் நோட்டில் எழுத ஆரம்பித்தான். வண்டி நிற்பது இயல்புதான். பழைய டீசல் டேங்க்கில் வருடக்கணக்காகப் படிய வைத்த கசடை பயோடீசல் கரைத்துவிடும். கரைந்தது எல்லாம் ஃபில்டரில் வந்து அடைக்கும். முதல் தடவை ஃபில்டரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். இதை நான் அவனிடம் விளக்கினேன். அவன் தலையாட்டினான். பிறகு ஹாரனுடைய லாரி மேட்டில் ஏறும்போது நின்று, பின்னால் உருண்டு ஒரு கடையின் சுவரில் மோதியது. மச்சினன் ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து என் கொட்டகைக்கே கொண்டு வந்தான்.

“மாமா, இத தொட்டுப் பாருங்க. கசடு கறுப்பால்ல இருக்கும்? இது வெள்ளையா, வழவழன்னு இருக்கு. சோப்புத் தண்ணி மாதிரி.”

“அழுக்குடா மாப்ள.”

“அழுக்குதான் மாமா. ஆனா நம்ம அழுக்கு. எத்தன தண்ணி கழுவுறீங்க?”

“மூணு,” என்றேன்.

அவன் எழுபது எட்டு தள்ளி இருந்த குழாயைப் பார்த்தான், என் முதுகைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மனிதன் பேசாமல் உங்கள் முதுகைப் பார்ப்பது என்ன பார்வை என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா.

மறுநாள் முதலாளியின் அறையில், இதோ இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நான் நின்றேன், இந்தப் பக்கம் அவன் நின்றான்.

“லேப்ல கொடுத்துப் பாத்துரலாம் முதலாளி,” என்றான். “நல்லதா கெட்டதான்னு பேப்பர்ல வந்துரும்.”

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்குக் குடும்பச் சண்டை என்றால் ஆகாது. “பேப்பர்ல தேறலைன்னா கொட்டகையப் பூட்டிருவேன். சட்டி பழையபடி மூட்டைக்குப் போகட்டும். எனக்கு வேற வேல கையில இல்ல,” என்றார். பிறகு மச்சினனிடம், “இந்தத் தவண கொடுக்க முடிஞ்சா கொடு. இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுரு. இருக்கிறபடி ஓடட்டும்,” என்றார்.

தவணை என்றது லேபின் தவணையை. வெளியாருடைய எண்ணெயை அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் மட்டும் வாங்குவார்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்திலிருந்து பதினொன்று. கொடுக்கிறவர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரத்துக்குப் பதினொரு வாரம் இருந்தது. அந்த லேப் பக்கத்து ஊரில் இருக்கிறது. மீன்கடை இருக்கும் அதே தெருவில், எதிர்வரிசையில், நான்கு வாசல் தள்ளி.

ஆக, நிலைமை இதுதான். அந்த வாரம் புட்டி லேபுக்குள் போகாவிட்டால் என் கொட்டகை பிழைக்கும். போனால் நான் ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி மூட்டைக்குக் கீழே போக வேண்டும். என் எண்ணெய் தேறாது என்று நான் நினைத்ததாக அர்த்தமில்லை. தேறும். ஆனால் எதற்கு வீணாகச் சோதிக்க வேண்டும்?

அந்தச் செவ்வாயிலிருந்து நான் நாய்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். அக்காவிடம் கேட்டால் மீன் தோலும் தலையும் ஒரு வாளி தருவார். வேன் இன்ஜினை அணைக்காமல், புகைக்குழாய்க்குக் கீழே கொட்டுவேன். “சட்டி அண்ணனுக்கு எவ்வளவு இளகின மனசு!” என்று அக்கா கடையில் நிற்பவர்களிடம் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து புகைக்குழாயை விட்டுவிட்டு ஓட்டுநர் கதவுக்குக் கீழே போட்டேன். நாய்கள் புத்திசாலிகள். புகை வந்தால் ஓடி வருவது, கதவுப் பக்கம் நிற்பது, கதவு திறந்தால் சாப்பாடு. நான்கே தடவையில் பிடித்துக்கொண்டன. நாங்கள் லாரியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க ஒரு மாதம் ஆகும்.

ஐந்தாவது வாரம் மனைவியிடம் ஒரு பழைய பேன்ட் கேட்டேன்.

“எந்தப் பேன்ட்டு?”

“எதாவது. ஒன் தம்பியோடது இருந்தாக்கூடக் கொடு. காக்கி நல்லா உறிஞ்சும்.”

“எண்ணெய் தொடைக்கவா?”

“ம்.”

அவள் இரண்டு கொடுத்தாள். துவைக்கப் போட்டிருந்தவை. துவைத்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன், அழுக்காகப் போவதற்கு எதற்குச் சோப்பு. ஒரு பேன்ட்டின் காலில் வைக்கோல் அடைத்து, கெண்டைக்கால் இருக்கும் இடத்தில் மீன் தோலை வைத்துத் தைத்தேன். கோணி தைக்கும் ஊசி என்னிடம் உண்டு. வேன் கதவைத் திறந்து, அந்தக் காலை மட்டும் வெளியே இறக்குவேன். முதலில் அவை முகர்ந்தன. பிறகு கவ்வின. ஏழாவது வாரம் ஒரு தடவைக்கு ஒரு கால் கிழியும் என்றாகிவிட்டது. எட்டாவது வாரம் மறுபடி தைக்க நூல் வாங்கினேன்.

ஏன் அவனுடைய பேன்ட் என்று கேட்பீர்கள். நாய்களுக்கு எதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவற்றைக் குழப்புவது பாவம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. மச்சினனுக்கு நாய் என்றால் பயம். ஆறு வயதில் ஒரு நாய் அவன் தோளைக் கவ்வித் தெருவில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. என் மனைவிதான் கல்லெடுத்து அடித்துக் காப்பாற்றினாள். எங்கள் திருமணமான புதிதில், ஒரு மழை நாளில், இதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். அதனால் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நான்கு கார்களின் டேங்க்குகளையும் வடித்துவிட்டு மீன் எண்ணெய் நிரப்பினேன். ஒன்றுக்கு மட்டும் நிரப்பி, அவன் வேறொன்றை எடுத்துப் போனால் உழைப்பு வீணாகும். திங்கள் காலையில் ஹாரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சூப்பர்வைசரே, கார்ல போறீங்களா, கடல்ல போறீங்களா? மார்க்கெட்டே நாறுது,” என்றான். மச்சினன் சிரித்தான். “எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேப்பா, வசதியாப் போச்சு,” என்றான். நானும் சிரித்தேன்.

மதியம் புட்டியோடு திரும்பி வந்தான். ஒன்பது நாய்கள் காரைச் சுற்றிக்கொண்டு நகரவில்லையாம். கதவின் கைப்பிடியில் கை வைத்தாலே எல்லாம் அந்தக் கதவுக்கு வருகின்றனவாம். பதினொன்று அடித்ததும் லேப் கதவைச் சாத்திவிட்டார்கள். புதன்கிழமை வேறு காரில் போய்த் தெருமுனையிலேயே நிறுத்திப் பார்த்தான். நாய்கள் தெருமுனைக்கு வந்தன.

இதற்கு நடுவில், செவ்வாய் மதியம் ஒரு சங்கதி நடந்தது. எண்ணெய் எடுக்க அன்று நான் போகவில்லை. அந்த வாரம் முழுக்கவே போகவில்லை, முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். நாய்களுக்கு அது கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும், பதினொரு வாரம் பழகிய சாப்பாடு. சாப்பிட வீட்டுக்குப் போனவன் மூக்குக் கண்ணாடியை மறந்து கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். உள்ளே சத்தம். தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன். மச்சினன் என் டிரம்மிலிருந்து எடுத்த எண்ணெய் வாளியின் மேல் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் லேப் புட்டி காலியாக, திறந்து இருந்தது.

என் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுகிறான். டீசலில் தண்ணீர் கலந்தால் எந்த லேபும் தேறவிடாது, வண்டி ஓட்டத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். நானும்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனால் நான் கழுவுவதற்கு ஊற்றுகிறேன். இவன் ஊற்றுவது எதற்கு என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கண்ணாடியை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். அதுவரை எனக்கு மனதில் ஒரு ஓரத்தில் இருந்த சங்கடம் அன்றோடு தீர்ந்தது. அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை ஷெட் விடுமுறை. மதியம் மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். மச்சினன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“அந்த நாய்ங்க என்னத்தான் பாக்குதுக்கா. என்னைய மட்டும். கண்ணாடி வழியா என் காலப் பாக்குதுங்க.”

“ஒங்க மாமா வாரத்துக்கு ரெண்டு தடவ போறாரு, அவர ஒண்ணும் பண்ணலையே,” என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கதான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்களேன். ஒரு புட்டி. அதுக்கா இவன் மூணு நாளா சாகிறான்?”

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் மச்சினனே, “வேண்டாம்க்கா. மாமா கை பட்டா, அவரே மாத்திட்டாருன்னு பேச்சு வரும். பேரு கெட்டுரும். நான் கொடுத்தாத்தான் சரி,” என்றான்.

“அதுவும் சரிதான்,” என்றேன்.

“வெள்ளிதான் கடைசி மாமா. இத விட்டா முதலாளி பேச்சையே எடுக்க விட மாட்டாரு. என்ன பண்ணட்டும்?”

கேட்டான், ஐயா. நானாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, சின்ன வயதில் என் மனைவி முகத்தைப் பார்த்திருப்பானே, அப்படிப் பார்த்துக் கேட்டான். கேட்டவனுக்குப் பதில் சொல்வதுதானே முறை.

“பயத்தக் காட்டாத மாப்ள,” என்றேன். “நீ உள்ளயே ஒக்காந்திருந்தா அதுக்கும் தைரியம் வரும். வாசல்கிட்ட நிறுத்து. கதவத் தொறந்து சட்டுனு எறங்கு. நாய் தானா ஓடிரும்.”

“நெசமாவா மாமா?”

“நான் வாரத்துக்கு ரெண்டு தடவ பாக்குறேன்டா.”

மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். “மாமா சொல்றதக் கேளு,” என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அவன் சட்டென்று இறங்கினான்.

நான் அங்கே இல்லை. அந்த நேரத்தில் கொட்டகையில் இருந்தேன், சாட்சி உண்டு. மீன்கடை அக்கா சொன்னதைத்தான் எழுத முடியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அக்கா வாளித் தண்ணீரை வீசி, பொரிக்கும் கரண்டியால் அடித்து, நாய்களைப் பிரித்திருக்கிறார். வலது கெண்டைக்கால் சதை போய்விட்டது. இடது காலில் பாதி. கீழே விழுந்தபோது வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தான், அந்தக் கையில் புட்டி இருந்தது. கையைக் கீழே இறக்கித் தடுத்திருந்தால் முகத்தில் கடி வாங்கியிருக்க மாட்டான் என்று அக்கா அழுதாராம். புட்டி உடையவில்லை. “அக்கா, இதக் கொடுத்துருங்க, பதினொண்ணுக்குள்ள,” என்றானாம். லேப்காரர் ஓடி வந்து, தரையில் கிடந்தவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கடித்த நாய் ஒன்றின் வாயில் சிக்கியிருந்த காக்கித் துணியைப் பார்த்ததும்தான் அக்காவுக்கு என் வைக்கோல் கால் ஞாபகம் வந்திருக்கிறது. “சட்டி அண்ணன் நாய்ங்களோட வெளையாடுறாருன்னுல்ல நெனச்சேன்,” என்று உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பெண்மணி. அவர் மேலும் எனக்குக் கோபமில்லை.

இன்று திங்கட்கிழமை, நீங்கள் காலையில் வந்ததும் இரண்டு பொருள்களை என் முன்னால் வைத்தீர்கள். ஒன்று மச்சினனின் சட்டைப் பை நோட்டு. கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இருக்கிறது: ‘செவ்வாய் மதியம் மூன்று தண்ணீர் கழுவிக் காயவைத்துப் புட்டியில் நிரப்பினேன். தேறிவிட்டால் கொட்டகைவரை குழாய் இழுத்துத்தர முதலாளி ஒப்புக்கொண்டார். மாமாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், ரோஷப்படுவார்.’ இன்னொன்று லேப் தாள், அவன் தரையில் கிடந்து கையெழுத்துப் போட்ட அதே படிவம். தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, கார், லாரி எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். முதலெழுத்துகூடச் சரியாகப் போட்டிருக்கிறான். எதிரே சின்னதாக ரத்தக்கறை.

படித்துவிட்டு என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். அதை இப்போது எழுதுகிறேன். என் எண்ணெய் நல்ல எண்ணெய் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன்தான் நம்பவில்லை. இப்போது முத்திரையோடு வந்திருக்கிறது. அவன் கழுவியதால் தேறியது என்று சொல்வார்கள். தண்ணீர் எண்ணெயை உண்டாக்குமா? உள்ளே நல்லது இருந்ததால்தான் கழுவக் கழுவத் தெரிந்தது. அந்தத் தாளின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். கொட்டகைச் சுவரில் மாட்ட இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

மருத்துவமனையில் மனைவி என்னை அருகில் விடவில்லை. தம்பியின் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள், கையில் தண்ணீர்ச் செம்பை ஓங்கியபடி. ஆறு வயதுத் தம்பிக்காகக் கல்லெடுத்தவள் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. நாலு நாளில் சரியாகிவிடுவாள்.

ஆகவே, ஐயா, கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம். நாய்களைப் பழக்கியது நான். பேன்ட்டைத் தைத்தது நான். நான்கு கார்களுக்கும் நிரப்பியது நான். இறங்கச் சொன்னது நான். ஆனால் நான் யாரையும் கடிக்கவில்லை, எனக்கு யார் மேலும் கோபமும் இல்லை. உங்கள் மேலும் இல்லை. காலையில் வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் என்னை ‘மிருகம்’ என்றீர்கள். வேலை அவசரத்தில் வருகிற வார்த்தை, நான் அப்போதே மறந்துவிட்டேன்.

மறந்ததற்கு அடையாளமாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் ஓட்டுநர், ஜீப்பில் டீசல் குறைவாக இருக்கிறது, இங்கேயே நிரப்ப முடியுமா என்று கேட்டார். நம் இடத்துக்கு வந்த வண்டியை வெறும் டேங்க்கோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டிரம்களில் ஒன்றில்தான் மிச்சம் இருந்தது, அதை முழுக்க ஊற்றிவிட்டேன். அக்காவிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொள்ள மதியம் அந்தத் தெருவுக்குப் போகப்போகிறீர்கள் என்று ஓட்டுநர் சொன்னார். நாய்களைப் பிடிக்க நகராட்சி வண்டி நாளைக்குத்தான் வருமாம். உங்கள் சீருடையும் காக்கிதான் என்பதை இப்போதுதான் கவனித்தேன். பத்து நாளாக அவற்றுக்கு யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள்.

பயத்தைக் காட்டாதீர்கள், ஐயா. வாசல் பக்கமாக நிறுத்தச் சொல்லுங்கள். கதவைத் திறந்து சட்டென்று இறங்குங்கள். நாய் தானாக ஓடிவிடும்.